இசையாசிரியை என்று பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் என்ன படிக்க வேண்டும்?

கேள்வி – திருமங்கலத்துப் பாட்டு டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 27. ஒன்பது வயதில் தொடங்கி, எங்கள் தெருவிலேயே குடியிருந்த ஓர் அம்மாவிடம் பன்னிரண்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்றேன். வர்ணங்கள் எட்டும் கீர்த்தனைகள் நாற்பதும் பாடமாகியிருக்கின்றன. மார்கழி மாதம் முழுவதும் கோயிலில் திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடுவது வழக்கம். கல்லூரியில் படித்தது பி.காம். இரண்டு ஆண்டுகளாகத் திருமங்கலத்துக்கு அருகில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எடுத்து வருகிறேன்.

சென்ற மாதம் பள்ளிக்குப் புதிய முதல்வர் வந்தார். எல்லா ஆசிரியர்களின் சான்றிதழ்களையும் வாங்கிப் பார்த்தவர், என்னிடமும் கேட்டார். என் குருவம்மா கைப்பட எழுதிக் கொடுத்த சான்றையும், போட்டிகளில் பரிசு பெற்ற சான்றிதழ்களையும், பி.காம். பட்டத்தையும் கொண்டுபோய் வைத்தேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவற்றில் எந்தத் தாளும் நீங்கள் இசையாசிரியை என்று சொல்லவில்லையே, அம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். இன்று வரை பதிவேட்டில் நான் 'ஆக்டிவிட்டி டீச்சர்'தான். சம்பளமும் அந்தக் கணக்கில்தான்.

முறையாகத் தகுதி பெற வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் விசாரித்த இடத்திலெல்லாம் வெவ்வேறு பதில் கிடைக்கிறது. பி.எட். படித்தால் போதும் என்கிறார் ஒருவர். கோடை விடுமுறையில் 42 நாள் டிடிசி (தொழிலாசிரியர் சான்றிதழ்ப் பயிற்சி) முடித்தால் வேலை முடிந்தது என்கிறார் எங்கள் பள்ளியின் தையல் ஆசிரியை. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதாமல் அரசுப் பள்ளிப் பக்கமே போக முடியாது என்கிறார் என் மைத்துனர். பசுமலை இசைக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றும் ஒருவர் சொன்னார். வேலையை விட்டுவிட்டு மூன்று ஆண்டுகள் படிக்க வீட்டு நிலைமை இடம் தருமா என்பது ஐயமே. வயதும் கடந்துவிட்டதோ என்று அச்சமாக இருக்கிறது. இந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் யாரேனும் தெளிவுபடுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் – ஓய்வு பெற்ற இசையாசிரியை, மதுரை

வணக்கம், அம்மா. மதுரையில் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் இசையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதல்வர் சொன்னது உங்களுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். ஆனாலும் அவர் சொன்னதில் பிழை இல்லை.

இந்தப் பணிக்கு மூன்று தாள்கள் வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் படிப்புக்கு ஒன்று. அது உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. இசை கற்றதற்கு அரசு ஏற்கும் சான்று ஒன்று. கற்பிக்கப் பயிற்சி பெற்றதற்குச் சான்று ஒன்று. பாடத் தெரிந்த பிள்ளைகள் பலரும் இரண்டாவதைத் தேடி ஓடி, மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு வெளியாகும் நாளில்தான் அது நினைவுக்கு வருகிறது. அறிவிப்புக்கும் விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கும் இடையே இருப்பவை சில வாரங்களே. ஓராண்டுப் பயிற்சியை அந்தச் சில வாரங்களில் எவராலும் முடிக்க இயலாது. என்னிடம் பயின்ற மாணவியரில் நன்றாகப் பாடக்கூடிய இருவர் 2017ஆம் ஆண்டில் இப்படித்தான் வாசலில் நின்றுவிட்டார்கள்.

இரண்டாவது தாளுக்கு உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் இசையும் ஒரு பாடம். கீழ்நிலை, மேல்நிலை என இரண்டு படிகள். லோயர், ஹையர் என்றுதான் எல்லோரும் சொல்லுவார்கள். எங்கே கற்றீர்கள் என்று கேட்காமல் தனித்தேர்வராகவே எழுதலாம் என்பதால், உங்கள் குருவம்மாவிடம் கற்ற பன்னிரண்டு ஆண்டுகள் வீண்போகாமல் அரசு முத்திரை பெறும் இடம் இதுதான். மற்றொரு வழி பசுமலையில் உள்ள தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி. அங்கே மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு, பட்டப் படிப்பும் உண்டு. சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் உள்ள மாவட்ட அரசு இசைப் பள்ளிகளைப் பற்றியும் யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். அவற்றில் சேர 12 வயது முதல் 25 வயது வரைதான் என்பதால் அந்தக் கதவு உங்களுக்கு இல்லை.

மூன்றாவது தாள் இசைக் கல்லூரியில் நடைபெறும் ஓராண்டு இசை ஆசிரியர் பயிற்சி. தையல் ஆசிரியை சொன்ன 42 நாள் கோடைப் பயிற்சி, ஓவியமும் தையலும் முடித்தவர்கள் தொழிலாசிரியர் சான்றிதழுக்காகச் செல்வது. அவருக்கு அது பொருந்தியது என்பதால் உங்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட்டார். பி.எட். பற்றிச் சொன்னவரும் அப்படித்தான். பி.காமை வைத்துக்கொண்டு நீங்கள் பி.எட். முடித்தால் அது வணிகவியலுக்கு உதவுமேயன்றி இசைக்கு உதவாது. வணிகவியலும் மேல்நிலை வகுப்புகளில்தான் இருக்கிறது, அதற்கு எம்.காம். வேண்டும். டெட் என்பது ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் பாட ஆசிரியராக வருவோருக்கு உரியது. 2017இல் உடற்கல்வி, ஓவியம், தையல், இசை ஆகிய நான்குக்கும் சேர்த்து 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்குத் தேர்வு வாரியம் ஆள் எடுத்தபோது, அதற்கெனத் தனிப் போட்டித் தேர்வு வைத்தார்களே தவிர டெட் கேட்கவில்லை. அந்த 1,325இல் இசைக்குக் கிடைத்தவை நூறுக்கும் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தாள்களைப் பற்றி இவ்வளவு போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது; பயிற்சி ஓராண்டை வெறும் சடங்காக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பணியில் சேர்ந்த முதல் வாரம், ஏழாம் வகுப்பில் 48 பெண்கள். எனக்கு ஐந்தரைக் கட்டையில் பாடிப் பழக்கம். அதே சுருதியை வைத்துக்கொண்டு மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையைத் தொடங்கினேன். மேல் ஷட்ஜத்துக்கு வரும்போது பாதிப் பேர் கத்தினார்கள், மீதிப் பேர் வாயை மட்டும் அசைத்தார்கள், கடைசி வரிசையில் சிரிப்பு. அந்த ராகத்தில் ரிஷபமும் (ரி) தைவதமும் (த) முந்தைய ஸ்வரத்திலிருந்து சிறு இடைவெளியிலேயே இருக்கும். காதில் அதுவரை விழாத ஒரு ராகத்தை 48 பேர் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தது என் அறியாமை. திண்ணையில் ஒரு குழந்தையை எதிரில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும்போது மாயாமாளவகௌளைதான் சிறந்த தொடக்கம். அதில் எனக்கு ஐயமில்லை. நாற்பது நிமிடப் பாடவேளையில், வருகைப் பதிவுக்கும் அமைதிப்படுத்துவதற்கும் பத்து நிமிடம் போன பிறகு, அது எடுபடாது.

பிறகு நான் கண்டுகொண்டது இது. எல்லாப் பிள்ளைகளுக்கும் முதல் வகுப்பிலிருந்தே மனப்பாடமாக இருக்கும் பாட்டு தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரனாரின் வரிகளுக்கு எம்.எஸ்.விஸ்வநாதன் அமைத்த மெட்டு மோகன ராகம், மூன்றன் நடை. ஐந்தே ஸ்வரங்கள், மத்தியமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. அந்தப் பாட்டையே முதலில் பாடச் சொல்லி, தாளத்தைக் கையில் போடச் செய்து, பிறகு அதே மெட்டில் ச ரி க ப த என்ற எழுத்துகளை வைத்துக் காட்டினால், தமக்குத் தெரிந்த ஒன்றுக்குப் பெயர் வைக்கிறோம் என்ற மகிழ்ச்சியோடு பிள்ளைகள் ஸ்வரத்துக்கு வந்துவிடுவார்கள். சரளி வரிசையை அடுத்த பருவத்தில் தொடங்கினேன். சுருதியையும் ஐந்து கட்டைக்குக் கீழே இறக்கிக்கொண்டேன். இறைவணக்கக் கூட்டத்தில் அந்தப் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவது எங்கள் பள்ளியிலும் வழக்கமாகத்தான் இருந்தது. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை 55 விநாடிகளில் பாட வேண்டும் என்று வரையறுத்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். இருந்தாலும் கைக்கடிகாரத்தை வைத்துப் பாடிப் பார்த்தேன்.

உங்களுக்கு என் யோசனை: வேலையை இப்போது விட வேண்டாம். இந்த ஆண்டே லோயருக்கு விண்ணப்பியுங்கள், அடுத்து ஹையர். அதற்குள் ஓராண்டுப் பயிற்சிக்கான செலவைச் சிறுகச் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் இசைந்தால் மூன்றாண்டுக் கல்லூரிப் படிப்பே மேலானது. அங்கே கிடைக்கும் துணைப் பாடங்களும் சக மாணவர்களின் கூட்டும் தனியாகப் படிக்கிறவருக்குக் கிடைக்காது.

பதில் – உசிலம்பட்டி பகுதிநேரம்

மேலே அம்மா எழுதியதில் மாற்றுக் கருத்து இல்லை. பணத்தின் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், ஏனெனில் அதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால் நான் பட்டது ஏராளம்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் இசைக்கான பகுதிநேர ஆசிரியர். 2012இல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின்கீழ் மாநிலம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தபோது அவர்களில் ஒருவனாகச் சேர்ந்தேன். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல், இசை, தோட்டக்கலை, வாழ்வியல் திறன் எனப் பல பிரிவுகள் அதில் உண்டு. வாரத்துக்கு மூன்று அரைநாள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2021இல் 10,000 ஆனது, 2024இல் 12,500 ஆனது. பல ஆண்டுகள் மே மாதத்துக்குச் சம்பளம் கிடைக்கவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மீதி அரைநாள்களில் நான் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன், திருமண மண்டபங்களில் வாசிக்கிறேன்; அதில்தான் வீடு நடக்கிறது.

இதைச் சொல்லி உங்களை மனம் தளரச் செய்வது என் நோக்கமன்று. தகுதிச் சான்றிதழ் பெற்றுவிட்டால் நிரந்தர வேலை தானாக வந்துவிடும் என்று எண்ணி, இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். சிறப்பாசிரியர் தேர்வு ஆண்டுதோறும் நடப்பதன்று. எப்போது வரும் என்று காத்திருக்காமல், வரும் நாளில் கையில் எல்லாத் தாளும் இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒன்றே நம்மால் ஆவது.

இன்னொரு சிறு செய்தி. 2022–23 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடைபெறுகிறது. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் செல்லும். அதற்கு முன்பு எங்கள் தலைமையாசிரியருக்கு இசை வகுப்பு என்றால் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் நேரம். ஒரு மாணவன் பறையில் மாவட்ட அளவு வரை சென்று வந்த பிறகு என் பாடவேளையை யாரும் கேட்பதில்லை. அந்தப் பையனுக்கு நான் கற்றுக்கொடுத்தது காலப்பிரமாணம் (வேகம் மாறாமல் வாசிப்பது) ஒன்றுதான். அடி முழுவதையும் அவன் ஊரிலேயே, அவனுடைய தாத்தாவிடமே கற்றிருந்தான். நீங்கள் கர்நாடக இசை கற்றவர் என்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்: நம் பக்கத்துப் பள்ளிகளில் கும்மியும் ஒயிலும் பறையும் தெரிந்த பிள்ளைகள் உங்களைவிட முன்னால் நிற்பார்கள். அவர்களைச் சரளி வரிசையின் வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பதில் – பசுமலை கீபோர்டு

நான் ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் மேற்கத்திய இசை கற்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறேன். மேலே இருவரும் அரசுப் பள்ளியை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறார்கள். கேள்வி கேட்டவர் பணியாற்றுவது தனியார் பள்ளியில். அங்கே நிலைமை வேறு.

சி.பி.எஸ்.இ. வாரியம் 2019இல் கலைக் கல்விக்கு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளைகள் ஒதுக்கும்படி பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. அதன் பிறகு மதுரையைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இசைக்கு ஆள் தேடுவது கூடியிருக்கிறது. நான் சென்ற நேர்காணல்களில் முதலில் கேட்டது, கீபோர்டு வாசிப்பீர்களா, ஆண்டு விழாவுக்குக் குழுப் பாடல் தயார் செய்வீர்களா என்பதைத்தான். ஹையர் சான்றிதழ் என்றால் என்னவென்றே அறியாத நிர்வாகிகளையும் பார்த்திருக்கிறேன். லண்டனில் இருந்து நடத்தப்படும் டிரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். தேர்வுகளின் எட்டு நிலைகளைச் சொன்னால் உடனே விளங்கிக்கொள்கிறார்கள். அவற்றிலும் ஒரு வேறுபாடு உண்டு: ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் ஆறாம் நிலைச் செய்முறைத் தேர்வுக்குப் போவதற்கு முன் ஐந்தாம் நிலை இசைக் கோட்பாட்டில் தேறியிருக்க வேண்டும், டிரினிட்டியில் அந்தக் கட்டாயம் இல்லை. கட்டணம் குறைவன்று என்பதால் முதல் நிலையிலிருந்து ஒவ்வொன்றாக எழுத வேண்டிய தேவையில்லை. ஆயத்தமானால் நேரே நான்கிலோ ஐந்திலோ தொடங்கலாம்.

பன்னிரண்டு ஆண்டுகள் வாய்ப்பாட்டு கற்ற ஒருவருக்குக் கீபோர்டில் கை வைப்பது கடினமன்று. ஒரு கட்டை என்பது வெள்ளைக் கட்டைகளில் 'சி', ஐந்து கட்டை என்பது 'ஜி'. அங்கிருந்து தொடங்கினால் மாயாமாளவகௌளையை அன்றைக்கே வாசித்துவிடலாம். நம் பக்கத்தில் இரண்டு இசையையும் பயின்று ஆசிரியராகவும் இருந்தவர்களுக்குக் குறைவில்லை. 1917இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரே திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர்தான்.

ஆகவே மூன்று தாள் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் கீபோர்டு கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

பதில் – ஓய்வு பெற்ற இசையாசிரியை, மதுரை

தம்பி, கீபோர்டு கற்றுக்கொள்ளச் சொன்னதை ஏற்கிறேன். என் காலத்தில் சுருதிப் பெட்டி ஒன்றே துணையாக இருந்ததால் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தாள்களை ஓரமாக வைக்கச் சொன்னதைத்தான் ஏற்க இயலவில்லை. இந்த அம்மாவிடம் சான்றிதழ் கேட்டவரும் ஒரு தனியார் பள்ளியின் முதல்வர்தானே? ஆண்டு விழாவுக்காக எடுக்கப்படுகிறவரை ஆண்டு விழா முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். தாள் உள்ளவரிடம் அவ்வளவு எளிதாகச் செய்ய மாட்டார்கள்.

நீங்கள் குறிப்பிடாத ஒரு வாசலும் இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாக்களில் தொடக்கநிலை இசையாசிரியர் பணி உண்டு. மதுரையில் நரிமேட்டிலும் திருப்பரங்குன்றத்திலும் அந்தப் பள்ளிகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் நாடு முழுவதற்குமாக வந்த அறிவிப்பில் இசைக்கு மட்டும் 303 இடங்கள் இருந்தன. அடிப்படை ஊதியம் 35,400 ரூபாய். பிளஸ் டூ தேர்வில் 50 விழுக்காடு மதிப்பெண்ணும் இசையில் இளங்கலைப் பட்டமும் கேட்டார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் வகுப்பெடுக்கத் தெரிய வேண்டும் என்பதும், வேறு மாநிலத்துக்கு அனுப்பினாலும் செல்ல வேண்டியிருக்கும் என்பதும் நம் பிள்ளைகளைத் தயங்க வைக்கின்றன. வயது வரம்பு 30 என்று பார்த்துவிட்டு அஞ்ச வேண்டாம், பெண்களுக்குப் பத்தாண்டுத் தளர்வு உண்டு. பட்டம் வேண்டும் என்பதால்தான் மூன்றாண்டுப் படிப்பை மேலானது என்றேன்.

கேள்வி கேட்டவர் – திருமங்கலத்துப் பாட்டு டீச்சர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு என் கணவருக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மூன்றாண்டுப் படிப்புக்கு இப்போது வழியில்லை, ஆனால் லோயர், ஹையர் முடித்த பிறகு ஓராண்டு சம்பளம் இல்லாமல் சமாளித்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். நான் மதுரைக்குச் செல்லும் பேருந்து பசுமலையைத் தாண்டித்தான் போகிறது. எத்தனையோ முறை அந்த நிறுத்தத்தைக் கடந்திருந்தும் இறங்கி விசாரிக்கத் தோன்றவில்லை.

அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி. பாட்டில் எனக்கு அச்சமில்லை. எழுத்துத் தேர்வில்தான் அச்சம். எங்கள் குருவம்மா பாடச் சொல்லிக்கொடுத்தார்களே தவிர இலக்கணம் அதிகம் சொல்லவில்லை. 72 மேளகர்த்தா (தாய் ராகங்கள்) அட்டவணையை மனப்பாடம் செய்ய முயன்று இரண்டு முறை கைவிட்டுவிட்டேன். எப்படிப் படிப்பது?

பதில் – ஓய்வு பெற்ற இசையாசிரியை, மதுரை

மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பதே முதல் விடை. அந்த அட்டவணை ஒரு கட்டடம். அதன் அமைப்பு விளங்கிவிட்டால் எந்த அறையில் எந்த ராகம் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

மொத்தம் 12 சக்கரங்கள், அதாவது தொகுப்புகள்; ஒவ்வொன்றிலும் ஆறு ராகங்கள். முதல் 36இல் சுத்த மத்தியமம், அடுத்த 36இல் பிரதி மத்தியமம். ஒரு சக்கரத்துக்குள் ரிஷபமும் காந்தாரமும் மாறுவதில்லை, தைவதமும் நிஷாதமும்தான் மாறும். சக்கரம் மாறும்போது ரிஷப காந்தாரம் மாறும். இந்த நான்கு வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதி, நீங்களே கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்கள். அச்சிட்ட அட்டவணையைப் பார்க்காமல் ஒருமுறை நிரப்பிவிட்டால் பிறகு மறக்காது.

ராகத்தின் பெயரில் உள்ள முதல் இரண்டு எழுத்துகளுக்கு உரிய எண்களைத் திருப்பிப் படித்து அதன் எண்ணைக் கண்டுபிடிக்கும் கடபயாதி முறையில்தான் தமிழ் வழியில் படித்தவர்கள் தடுமாறுகிறார்கள். காரணம் நம் எழுத்து. க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு வடமொழியில் நான்கு நான்கு ஒலிகள் உண்டு. நமக்கு ஒவ்வோர் எழுத்துதான். மாயாமாளவகௌளையில் சிக்கல் இல்லை: மா என்றால் 5, யா என்றால் 1, திருப்பிப் படித்தால் 15. மேசகல்யாணியில் மே 5, ச 6, ஆக 65. தீரசங்கராபரணத்தில்தான் வழுக்கும். அந்த 'தீ' தகர வரிசையின் நான்காம் ஒலி என்பதால் அதற்கு எண் 9. தமிழ் எழுத்தை மட்டும் பார்த்து 6 என்று வைத்துக்கொண்டால் 26க்குப் போய்விடுவீர்கள், சரியான விடை 29. ஆகவே தீ, த, ப போன்ற எழுத்துகளில் தொடங்கும் மேளங்களை மட்டும் தனியே எழுதி, எந்த ஒலி என்று அருகில் குறித்துக்கொள்ளுங்கள்.

தாளத்துக்கு ஏழு தாளம், ஐந்து ஜாதி, முப்பத்தைந்து என்ற கணக்கை எழுதிப் பழகுங்கள். அலங்காரங்களைப் பாடும்போதே வாயில் தாளத்தின் அங்கத்தையும் (உறுப்பையும்) சொல்லிக்கொண்டே கையில் போட்டால் அதற்கெனத் தனி நேரம் தேவைப்படாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, தேவாரப் பண்கள், குடுமியான்மலைக் கல்வெட்டு, சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி), தமிழிசை மூவர் (முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை) ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு பக்கம் உங்கள் சொந்த நடையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திருவெம்பாவை பாடுகிறவருக்குப் பண் என்பது அந்நியமான செய்தி அன்று.

கடைசியாக ஓர் அலுவலகச் செய்தி. அற்பமாகத் தோன்றும், ஆனால் பலரை அலைய வைத்தது. லோயருக்கு விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பெயரும் தலைப்பெழுத்தும் எப்படி இருக்கின்றனவோ அப்படியே எழுதுங்கள். திருமணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரின் தலைப்பெழுத்துக்கு மாற்றியிருந்தால், இரண்டும் ஒருவரே என்பதற்கான சான்றை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு அன்று அதை எண்ணி ஓடுவதில் பயனில்லை. இந்த வாரமே ஒரு நாள் பசுமலை நிறுத்தத்தில் இறங்கி, கல்லூரி அலுவலகத்தில் ஓராண்டுப் பயிற்சிக்கான சேர்க்கைக் கையேட்டைக் கேளுங்கள். முற்பகலில் செல்லுங்கள்.